எறும்புக்கும் சாதி உண்டா? கப்பலேறிப் போன ஒரு சொல்லின் கதை

 

இது நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள். வரலாறும் விஞ்ஞானமும் இதில் ஒன்றாக வருகின்றன.

சாதியைப் பற்றி யாராவது வாய் திறந்தால் நம் பக்கத்தில் இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருக்கின்றன. முதலாவது, "அது இயற்கைதானே, எறும்புக்கும் கறையானுக்கும் தேனீக்கும் சாதி இருக்கு என்று விஞ்ஞானப் புத்தகத்திலேயே இருக்கே" என்பது. இரண்டாவது நம் முஸ்லிம் வீடுகளில் கேட்பது: "சாதியெல்லாம் அவங்கட பிரச்சினை, எங்களுக்குள்ள அது இல்லை." முதலாவது பதிலைச் சொல்பவர் சாதியை மாற்ற முடியாது என்கிறார். இரண்டாவது பதிலைச் சொல்பவர் அதைப் பேசவே தேவையில்லை என்கிறார். இரண்டு பேரும் கதையை அந்த இடத்திலேயே முடித்துவிடுகிறார்கள்.

நாங்கள் கதையைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க நினைக்கிறோம். முதலில் பூச்சிக்குச் சாதி என்று பெயர் வைத்தது யார், அந்தப் பெயர் எங்கிருந்து போனது என்று பார்ப்போம். பிறகு நம் வீட்டுக்கு வருவோம்.

தமிழில் நாம் சொல்லும் 'சாதி' வடமொழியின் 'ஜாதி'யிலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குப் 'பிறத்தல்' என்று பொருள். நல்ல சாதி மாடு என்கிறோம். அங்கே 'வகை' என்றுதான் அர்த்தம். மனிதருக்குச் சொல்லும்போது மட்டும் அந்தப் பழைய 'பிறப்பு' முன்னால் வந்து நிற்கிறது. ஒருவர் என்ன செய்கிறார் என்பதை விட யாருக்குப் பிறந்தார் என்பதே அந்தச் சொல்லின் கேள்வி.

ஆங்கிலத்தில் சொல்லும் 'காஸ்ட்' இந்தச் சொல் அல்ல. அது போர்த்துக்கேயரின் 'காஸ்தா'. அவர்களுடைய மொழியில் அதற்கு வம்சம், இனவழி என்று பொருள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, நம் கடலோரங்களில் கண்ட பிரிவுகளைச் சொல்லப் போர்த்துக்கேயர் தங்கள் வீட்டுச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் எழுதிய கடிதங்களிலும் பதிவுகளிலும் ஏறி அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போனது.

அந்தக் கதையில் நம் மன்னாருக்கும் இடமுண்டு. 1530களில் முத்துக்குளித்துறைப் பரவர்கள் கூட்டமாகக் கத்தோலிக்கரானார்கள். 1544இல் மன்னாரில் கத்தோலிக்கத்துக்கு மாறியவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆட்கள் கொன்றார்கள். 1560இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டையைக் கையில் வைத்துக்கொண்டார்கள். இந்தக் கடலின் முத்தும் சங்கும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. முத்தெடுக்க மூழ்குபவர்கள் வேண்டும். மூழ்குபவர்களை ஒவ்வொருவராகப் பிடிப்பதை விட ஒரு தலைவனைப் பிடித்துக்கொள்வது இலகு. அப்படித்தான் பரவர்களின் 'சாதித் தலைவன்' என்ற பதவி அவர்கள் காலத்திலும் பின்னால் வந்த ஒல்லாந்தர் காலத்திலும் அரசாங்கத்தின் ஆதரவோடு பலமடைந்தது. சாதி முன்பும் இருந்தது. ஆனால் வந்தவர்கள் அதை ஆட்சி செய்யும் கைப்பிடியாக மாற்றினார்கள்.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். அவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். காணியையும் ஆட்களையும் தோம்புகளில் எழுதினார்கள். யார் எந்தச் சாதி, அந்தச் சாதி அரசுக்கு என்ன வேலை செய்ய வேண்டும், என்ன வரி கட்ட வேண்டும் என்று எழுத்தில் வந்தது. கூலியில்லாக் கட்டாய வேலைக்கு 'ஊழியம்' என்று பெயர். அந்த ஊழியம் சோனகர் மீதும் செட்டிகள் மீதும் கூட விதிக்கப்பட்டது. நம் மூதாதையர் தங்களுக்குள் தங்களை எப்படிப் பார்த்தாலும், ஒல்லாந்தரின் ஏட்டில் அவர்களும் ஒரு வேலைக்குரிய கூட்டம்தான்.

1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்து அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். அதுதான் தேசவழமை. அதில் காணியும் சீதனமும் இருப்பது போலவே அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. சில சாதிகள் பிறப்பாலேயே அடிமை நிலையில் வைத்துச் சொல்லப்பட்டன. வாயால் வந்த வழக்கம் எழுத்தாகும்போது இறுகிவிடுகிறது. வழக்கத்தில் ஊருக்கு ஊர் கொஞ்சம் நெகிழ்வு இருக்கும். எழுத்தில் அது இருக்காது.

பிரித்தானியர் காலத்தில் 1824இல் கரையோர மாகாணங்களில் எடுத்த குடித்தொகைக் கணக்கும் மக்களைச் சாதிவாரியாக எண்ணியது. 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய வேலை நீக்கப்பட்டது. 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. 1871 முதல் வந்த கணக்கெடுப்புகளில் சாதி போய் இனம் முன்னுக்கு வந்தது. இன்று நம் குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் சாதிக்கு இடமில்லை. படிவத்திலிருந்து அது போனது. கலியாணப் பேச்சிலிருந்து போகவில்லை.

இனி அந்தச் சொல் பூச்சியிடம் எப்படிப் போனது என்று பார்ப்போம்.

மனிதன் பூச்சியைப் பார்க்கும்போது தன் ஊரைத்தான் பார்க்கிறான். கிரேக்கத்து அரிஸ்டோட்டில் தேன்கூட்டில் பெரிதாக இருந்த தேனீயை 'அரசன்' என்று எழுதினார். ஆட்சி செய்வது ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் காலத்து நினைப்பு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அது நின்றது. 1609இல் இங்கிலாந்தின் சார்ள்ஸ் பட்லர் தேனீக்களைப் பற்றி எழுதிய நூலில் அதை 'அரசி' ஆக்கினார். அதே 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தைச் சேர்ந்த யான் சுவாமர்டாம் நுணுக்குக்காட்டியில் வைத்து வெட்டிப் பார்த்து, அதன் வயிற்றில் சூலகம் இருப்பதைக் காட்டினார். அரசன் என்றது தாய்.

கறையானின் கதை நமக்கு இன்னும் கிட்ட வருகிறது. லின்னேயஸிடம் படித்த யோகான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அது அப்போது டேனியர் கையில் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கறையான் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து 1779இல் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கறையானைப் பற்றிய ஆரம்பகால விஞ்ஞான எழுத்துகளில் அது ஒன்று. நம் எதிர்க்கரையில், தமிழ்நாட்டு மண்ணில் நடந்த வேலை அது. இரண்டு வருடம் கழித்து, 1781இல், ஆபிரிக்கக் கறையான்களைப் பற்றி ஹென்றி ஸ்மீத்மன் இலண்டனில் எழுதினார். அவர் புற்றுக்குள் இருப்பவற்றை உழைப்பாளிகள், போர்வீரர், பிரபுக்கள் என்று பிரித்தார். இங்கிலாந்தின் சமூக ஏணியை அப்படியே தூக்கிப் புற்றுக்குள் வைத்த மாதிரி.

19ஆம் நூற்றாண்டில் இந்தப் பிரிவுகளுக்கெல்லாம் பொதுப் பெயராகக் 'காஸ்ட்' என்ற சொல் நிலைக்கத் தொடங்கியது. 1859இல் வெளிவந்த டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலிலேயே எறும்புகளுக்கு அந்தச் சொல் வருகிறது. ஐரோப்பியர் அந்தச் சொல்லை மனிதருக்கு முதலில் பயன்படுத்தினார்கள். மனிதரைப் பார்த்துத்தான் பூச்சிக்கு வைத்தார்கள். இன்று நாம் புத்தகத்தைக் காட்டி "பாருங்கள், பூச்சிக்கும் இருக்கிறது" என்று சொல்லும்போது, நம்மிடமிருந்து இரவல் போன சொல்லையே நமக்கு எதிரான சாட்சியாகக் கூப்பிடுகிறோம்.

சரி, பெயர் இரவல்தான். விஷயம் ஒன்றாக இருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. கூட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

தேன்கூட்டில் இராணித் தேனீ ஒன்று, வேலையாள் தேனீக்கள் ஆயிரக்கணக்கில், ஆண் தேனீக்கள் கொஞ்சம். இராணியும் வேலையாட்களும் பெண்கள். கருக்கட்டிய முட்டையிலிருந்து பெண் வரும், கருக்கட்டாத முட்டையிலிருந்து ஆண் வரும் என்று 1845இல் யோகான் சியர்சோன் என்ற கத்தோலிக்கக் குருவானவர் எடுத்துச் சொன்னார். இனி முக்கியமான இடம். இராணியாகப் போகும் முட்டை வேறு, வேலையாளாகப் போகும் முட்டை வேறு அல்ல. இரண்டும் ஒரே தாய் இட்ட ஒரே மாதிரி முட்டை. எல்லாப் பெண் புழுவுக்கும் முதல் மூன்று நாள் ஒரு வகைப் பாலை இளம் தேனீக்கள் சுரந்து ஊட்டுகின்றன. அதற்குப் பிறகு பெரும்பாலான புழுக்களுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த சாப்பாடு. ஒருசில புழுக்களுக்கு மட்டும், பெரிதாகக் கட்டிய அறையில் வைத்து, அந்தப் பாலையே தொடர்ந்து நிறையக் கொடுக்கின்றன. அப்படி வளர்ந்தது இராணி. ஐரோப்பியத் தேனீயில் இராணி 16 நாளில் வெளியே வரும், வேலையாள் 21 நாளில் வரும். இராணி சில வருடங்கள் வாழும். வேலை கூடிய காலத்தில் வேலையாள் ஆறு கிழமை அளவில் செத்துவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசமும் தொடங்கியது சாப்பாட்டில்.

திடீரென்று இராணி செத்துவிட்டால் கூடு வேறு கூட்டிலிருந்து 'இராச வம்சத்தில்' ஒன்றைத் தேடிப் போவதில்லை. சாதாரண அறைகளில் கிடக்கும் சின்னப் புழுக்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அறையைப் பெருப்பித்து, பாலை ஊட்டி வளர்க்கிறது. நாளைக்கு வேலையாளாக வர இருந்த புழு இராணியாகிறது.

வேலையாளின் வாழ்க்கையையும் பாருங்கள். பிறந்த உடனே அறைகளைத் துப்புரவாக்கும். பிறகு புழுக்களுக்கு ஊட்டும். பிறகு மெழுகு சுரந்து கூடு கட்டும். பிறகு வாசலில் காவல் நிற்கும். கடைசியில் வெளியே போய்த் தேன் எடுக்கும். துப்புரவுத் தொழிலாளி, செவிலி, மேசன், காவலாளி, வியாபாரி என்று எல்லாமே ஒரே ஆள். தேன் எடுப்பவை திடீரென்று குறைந்தால் இளையவை வயதுக்கு முந்தியே வெளியே போகும். ஊட்டுபவை குறைந்தால் வெளியே போனவை திரும்பி வந்து ஊட்டவும் செய்யும். துப்புரவு செய்த தேனீயின் பிள்ளையும் துப்புரவுதான் செய்ய வேண்டும் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. வேலையாளுக்குப் பொதுவாகப் பிள்ளையே இல்லை.

கறையானுக்கு வருவோம். மாரி தொடங்கியதும் பாப்பாமோட்டைப் பக்கத்தில் விளக்கைச் சுற்றி ஈசல் கொட்டும். அந்த ஈசல்கள்தான் வருங்கால அரசனும் அரசியும். சிறகை உதிர்த்துவிட்டுச் சோடியாக மண்ணுக்குள் போய்ப் புதுப் புற்றைத் தொடங்கும். மிகப் பெரும்பாலானவை பல்லிக்கும் தவளைக்கும் இரையாகும். தப்பிய சோடியின் பிள்ளைகள்தான் அந்தப் புற்றில் உள்ள எல்லோரும். வேலையாளும் சிப்பாயும் அடுத்த வருடம் பறக்கப்போகும் ஈசலும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள். சிப்பாயின் தாடை சண்டைக்கென்று பெருத்துவிட்டதால் அது தானாகச் சாப்பிட முடியாது, வேலையாள்தான் ஊட்ட வேண்டும். அரசியோ வயிறு ஊதி, அறையை விட்டு நகர முடியாமல் முட்டை இட்டுக்கொண்டே கிடக்கும். அது யாருக்கும் கட்டளையிடுவதில்லை. 'அரசி' என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது.

பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் ராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஒரு குளவியினம் இருக்கிறது. அதில் இராணிக்கும் மற்றவைக்கும் உருவத்தில் வித்தியாசமே தெரியாது. இராணியை அகற்றினால் கூட்டிலிருக்கும் இன்னொன்று எழுந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். சில எறும்பினங்களில் யார் இராணி, யார் வேலையாள் என்பதில் மரபணுவுக்கும் பங்கு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அங்கேயும் பல தலைமுறையாக ஆளும் வீடு, பல தலைமுறையாக அடங்கும் வீடு என்று ஒன்றில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் எல்லா வகையும் அதே தாயிடமிருந்தே வருகின்றன.

ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதரின் சாதி மூன்று கால்களில் நிற்கிறது. பிறப்பால் வரும், பிள்ளைக்குப் போகும், வெளியே கலியாணம் செய்ய விடாது. பூச்சியின் 'சாதி'யில் இந்த மூன்றில் ஒரு காலும் இல்லை. விஞ்ஞானிகள் இரவல் எடுத்தது வேலைப் பிரிவினையை மட்டும். சாதியைச் சாதி ஆக்கும் பிறப்பையும் கலியாணத்தையும் அவர்கள் எடுக்கவில்லை, பூச்சியிடம் அவை இருக்கவும் இல்லை. சாதி இயற்கை என்று சொல்ல எறும்பைக் கூப்பிடுபவர் தனக்கு எதிரான சாட்சியைத்தான் கூப்பிடுகிறார்.

அதற்காக நாம் தேனீ மாதிரி வாழ வேண்டும் என்பதும் எங்கள் வாதமல்ல. எந்தப் புழுவுக்கு எந்தச் சாப்பாடு என்று புழுவை யாரும் கேட்பதில்லை. ஒன்றை இராணியாக்க ஆயிரம் புழுக்களுக்குக் குறைத்துக் கொடுப்பது கூட்டுக்குச் சரி, மனிதருக்குச் சரியாகாது. பூச்சி நமக்கு வழிகாட்டியும் அல்ல, சாக்குப்போக்கும் அல்ல.

மனிதரைப் பூச்சி மாதிரியும் சிப்பி மாதிரியும் அளக்கப் போன வரலாறும் நம் கடலுக்குத் தெரியும். எட்கர் தேர்ஸ்டன் 1885இல் மதராஸ் அருங்காட்சியகப் பொறுப்பாளராக வந்தவர். 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிரினங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அதே மனிதர் பிறகு கருவிகளை எடுத்துக்கொண்டு மனிதரின் தலையையும் மூக்கையும் அளந்தார். 1909இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியாவின் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். 1901 இந்தியக் குடிசன மதிப்பீட்டை நடத்திய ஹேர்பேர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றே வாதித்தார். அந்த வாதத்தை அறிவியல் பிறகு தூக்கிப் போட்டுவிட்டது. ஆனால் "இரத்தத்தில் ஊறியது" என்ற பேச்சு இன்னும் நம் திண்ணைகளில் இருக்கிறது.

பாடசாலையில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் எழுத்துப்பிழை ஒன்று உண்டு. கறையான் என்பதற்குக் கரையான் என்று எழுதிவிடுவார்கள். வல்லின றகரம் போட்டால் புற்றுக் கட்டும் பூச்சி. இடையின ரகரம் போட்டால் கரையில் வாழும் மனிதர். ஓர் எழுத்து மாறினால் மனிதர் பூச்சியாகிவிடுவார். ருவாண்டாவில் 1994இல் ஒரு சமூகத்தைக் 'கரப்பான் பூச்சிகள்' என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் கொன்றார்கள். சொல் விஷயத்தில் ஆசிரியர்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

இனி இரண்டாவது பதில். "எங்களுக்குள்ள அது இல்லை."

மார்க்கத்தில் இல்லை என்பது உண்மை. அல்குர்ஆனில் தேனீயின் பெயரிலும் ஒரு சூரா உண்டு, எறும்பின் பெயரிலும் ஒரு சூரா உண்டு. ஆனால் மனிதரின் பிரிவுகளைப் பற்றிச் சொல்ல வரும்போது அல்லாஹ் பூச்சியை உதாரணம் காட்டவில்லை. சூரா அல்ஹுஜுராத்தின் 13ஆவது வசனம், கூட்டங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளத்தான் என்றும், சிறப்பு இறையச்சத்தில் இருக்கிறது என்றும் சொல்கிறது. அடிமையாக இருந்த பிலால் (ரழி) அவர்களைத்தான் நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொல்ல நிறுத்தினார்கள். பள்ளிவாசல் ஸஃப்பில் முதலில் வந்தவர் முன்னால், பிந்தியவர் பின்னால். அவ்வளவுதான்.

ஆனால் மார்க்கத்தில் இல்லை என்பதும் மக்களிடம் இல்லை என்பதும் ஒன்றல்ல. இந்தியாவில் 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை முஸ்லிம்களுக்குள் அஷ்ராஃப், அஜ்லாஃப், அர்ஸால் என்ற மேல்-கீழ்ப் பிரிவுகள் இருப்பதை எழுத்தில் பதிந்தது. நம் நாட்டில் முடி வெட்டுவதையும் சுன்னத்துச் செய்வதையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட 'ஒஸ்தா' குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஆண்பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் தேவைப்பட்டார். ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குச் சோறும் சன்மானமும் கிடைத்தன. அதே வீடுகள் அவருடைய வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் தயங்கின. மேலே சொன்ன மூன்று கால்களும் இங்கே இருக்கின்றன. தொழில் பிறப்பால் வந்தது, பிள்ளைக்குப் போனது, கலியாணத்தில் வேலி விழுந்தது. சாதி என்ற சொல்லை நாம் பாவிக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இன்னொன்று நம் தலைமுறை கண்ணால் பார்த்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரை விட்டு அனுப்பப்பட்டார்கள். மன்னார்ச் சனங்களில் பெரும்பகுதி புத்தளம் பக்கம் போய் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கியது. அங்கிருந்தவர்கள் சோறு தந்தார்கள், காணி தந்தார்கள், அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனால் காலம் போகப் போக 'அகதி' என்ற சொல் நிலைமையின் பெயராக இல்லாமல் ஆளின் பெயரானது. முகாமில் பிறந்த பிள்ளை எங்கிருந்தும் ஓடி வரவில்லை. அது பிறந்த ஊர் புத்தளம். அதுக்கும் அகதி என்றுதான் பெயர். கலியாணம் பேசும்போது "அகதிப் பக்கமா, உள்ளூர்ப் பக்கமா" என்ற கேள்வி வந்தது. ஒரே கலிமா, ஒரே மொழி, ஒரே ஸஃப்பு. இருந்தும் இருபது வருடத்துக்குள் பிறப்பால் ஒட்டும் ஒரு பெயர் நம் கண் முன்னால் உருவானது. சாதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ செய்த பழைய சாமான் என்று நினைப்பவர்களுக்கு இது பாடம். அதை எந்தச் சமூகமும் எந்தக் காலத்திலும் புதிதாகச் செய்துகொள்ளும். அதன் கீழ்ப்படியில் இருப்பது என்றால் என்ன என்பதை வடக்கு முஸ்லிம்களுக்கு யாரும் புத்தகத்தில் காட்டத் தேவையில்லை.

அதனால்தான் திரும்பி வந்த ஊரில் அதே விஷயத்தை இன்னொருவருக்கு நாம் செய்யக் கூடாது என்கிறோம். யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் குடிக்கக் கூடாது என்று பிள்ளை யாரிடமும் பிறக்கும்போதே படித்து வருவதில்லை. வீட்டில் மெல்லிய குரலில் சொல்லும் பேச்சில்தான் படிக்கிறது.

பாடசாலை இந்த விஷயத்தில் எவ்வளவு பெரிய இடம் என்பதற்கு வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாணப் பாடசாலைகளில் ஒருகாலம் சில பிள்ளைகள் வாங்கில் இருந்தார்கள், சில பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். 1920களில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமபந்தி போசனம் நடத்தியது. அந்தப் பத்தாண்டின் முடிவில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைக்கும் சம ஆசனம் என்ற உத்தரவு வந்தது. ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதைப் பொறுக்காமல் பாடசாலைகளுக்கே தீ வைத்தார்கள். ஒரு பிள்ளை எங்கே உட்காருகிறது என்பது அவ்வளவு பெரிய விஷயம் என்று எதிர்த்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. 1978 அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை சாதியின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. சட்டம் வாசலைத் திறந்தது. வாங்கில் பக்கத்தில் இருப்பவரோடு சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட வைப்பது சட்டத்தின் வேலை அல்ல, நம் வேலை.

கடைசியாக மூன்று சின்னக் கேள்விகள். இந்தக் கிழமை வீட்டில் பேசிப் பாருங்கள்.

மகனுக்கோ மகளுக்கோ சம்பந்தம் வந்தால், தீனையும் குணத்தையும் விசாரிக்க முந்தி "எந்தப் பகுதி ஆக்கள்" என்று கேட்கிறோமா? கேட்டால் அந்தப் பதில் நமக்கு எதற்கு வேண்டும்?

ஊர்க் கூட்டத்தில், பள்ளிவாசல் நிர்வாகத்தில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் எப்போதும் பேசுபவர்கள் எந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள்? எப்போதும் கதிரை தூக்குபவர்கள், சமைப்பவர்கள், கூட்டிப் பெருக்குபவர்கள் எந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள்?

நம் பிள்ளை, தன் வகுப்பிலுள்ள இன்னொரு பிள்ளையின் தகப்பனின் தொழிலைச் சொல்லிப் பகிடி பண்ணினால், நாம் சிரிக்கிறோமா, நிறுத்துகிறோமா?

கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் உம்மம்மா, அப்பப்பா காலத்தில் நம் கரையில் இந்த விஷயங்கள் எப்படி இருந்தன என்று அவர்களிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. ஊர்ப்பெயரும் காலமும் போதும், ஆட்களின் பெயரைப் போடாதீர்கள். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டிய வரலாறு அது.